சுண்ணாம்பு இல்லாத ஆறு பானைகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு வயிற்றில்தான் போய் நிற்கிறது. யாருக்கு எது சேரவில்லை, யார் எந்த மாத்திரை போடுகிறார்கள், இதே பேச்சு. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியிலும் இதுதான். சாப்பிட்டு எழுந்ததும் ஆளுக்கொரு புட்டி கொடுத்தார்கள். கறுப்புத் தண்ணீர். குடித்ததும் ஏப்பம் வந்தது. பக்கத்தில் இருந்தவள், "செரிச்சிட்டு" என்றாள்.

அது செரித்த ஏப்பம் இல்லை. புட்டியில் அடைத்த காற்று வெளியே வந்தது, அவ்வளவுதான். செரித்த ஏப்பம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒன்று கேட்டேன். எங்கள் குடும்பம் அதனால் நிலைத்தது. அதைச் சொல்கிறேன்.

அப்பா தவசிப்பிள்ளை. விசேஷ வீடுகளில் சமைப்பவர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சிற்றாற்றிலிருந்து பிரியும் கால்வாய் ஓரத்தில் எங்கள் வீடு. சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து தங்குகிறவர்களுக்கு அப்பாதான் சமைப்பார். அருவியில் குளித்தவர்களின் பசி சும்மா பசி இல்லை. இலையை வழித்துத் தின்பார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார்கள். அவர்களுக்கென்று அப்பா ஒரு பானகம் வைத்திருந்தார். கருப்பட்டி, சுக்கு, வறுத்த சீரகம், ஏலம், எலுமிச்சம் பழம். ஒரு குவளை உள்ளே போனால் அரை மணியில் எழுந்து உட்கார்ந்து, "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்பார்கள்.

இதெல்லாம் அவர் குடிக்கத் தொடங்குவதற்கு முன்னால்.

கள்தான். எங்கள் வீட்டுக்கு மேற்கே மேட்டு விளை. பனைகள் நின்ற மேட்டு நிலம். அங்கே பனை ஏறுகிறவரும் அவர் மனைவியும் ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். அப்பா சாயங்காலமானால் அங்கே போய்விடுவார். ஒரு கல்யாணத்தில் பாயசத்தில் உப்பைக் கொட்டினார். பந்தி பாதியில் எழுந்தது. அதோடு அவரை யாரும் கூப்பிடவில்லை.

அம்மாவுக்கு ஒரு அண்ணன். வாசுதேவநல்லூரில் விவசாயம். மாமா வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் அங்கே இருந்தோம். ஒரு நாள் அப்பா அத்தனை தூரமும் நடந்தே வந்தார். வாசலிலேயே நின்றார். "விட்டுட்டேன்" என்றார்.

மாமா எங்களை அனுப்பிவைத்தார். அனுப்பும்போது சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ வாடை அடிக்கட்டும். தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு நீரு நடந்து வந்தாலும் சரி, உருண்டு வந்தாலும் சரி, வாசக்கதவு தொறக்காது மாப்ள."

வீடு வந்ததும் அம்மா மூட்டைகளை அவிழ்த்தாள். ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை. அவளுடைய நல்ல சேலை இரண்டும் என் பட்டுப் பாவாடையும் அதில் இருந்தன. அடுக்களை மூலையில் கிடந்தது. தீபாவளிக்குக்கூட அவிழ்க்கவில்லை. கேட்டேன். "இருந்துட்டுப் போகுது" என்றாள்.

மாமா மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, "என்ன மாப்ள, சுகமா?" என்பார். மோந்து பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி. அப்பாவுக்கும் தெரியும். வாயை நன்றாகத் திறந்து, "சுகம் மச்சான்" என்பார்.

அப்பா விட்டது உண்மை. ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. பாயசத்தில் உப்பைப் போட்ட அன்று அவர் அதை ருசி பார்த்துத்தான் இறக்கினாராம். இனிப்பாக இருந்ததாம். அதிலிருந்து தன் நாக்கை அவர் நம்பவில்லை.

"குடிச்ச நாக்கு பொய் சொல்லும்ட்டி. நீ சொல்லு" என்பார்.

வீட்டில் குழம்பு, ரசம், எது வைத்தாலும் நான்தான் ருசி பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சங்கு. குழந்தையில் எனக்கு மருந்து ஊற்றிய சின்னச் சங்கு, விளிம்பில் ஒரு ஓரம் உடைந்தது. அதில் எடுத்துத் தருவார். நான் சொல்வதுதான் தீர்ப்பு. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய உத்தியோகம். அந்தச் சங்கு இப்போது இல்லை. எந்த வீடு மாறும்போது போனதோ.

இப்படிப் பதினோரு மாதம் போயிற்று. பங்குனி கடைசி. குற்றாலத்தில் விசுத் திருவிழா கொடியேறியது.

அந்தத் திருவிழாவில் தேரோடும் நாளன்று, ரத வீதி முக்கில் ஒரு அண்ணாச்சி வருஷா வருஷம் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார். பெயர்தான் பானகம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, பேருக்கு எலுமிச்சை பிழிந்து ஊற்றுவார்கள். முந்தின வருஷம் அது என்னவாயிற்றோ, குடித்த பாதிப் பேர் மறுநாள் கால்வாய் ஓரத்தை விட்டு எழவில்லை. 'பேதிப் பந்தல்' என்றே பெயராகிவிட்டது. அண்ணாச்சிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர்.

"ஏலே, ஒன் சுக்குப் பானகத்த நான் குடிச்சிருக்கேன். இந்த வருசம் தேருக்கு நீ போடுதியா?"

"போடுதேன் அண்ணாச்சி."

கூட வந்தவர்களில் ஒருவர் ஒல்லியாக, வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, இவன் வேற எதையும் கலந்திறப் போறான். தேரு நேரா ஓடாது, பாத்துக்கிடும்" என்றார். சிரித்தார்கள். அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கை ஈரமாகவே இல்லை.

"தேரு நிலைக்கு வந்து சேரும் வரைக்கும் பந்தல் ஒன் பொறுப்பு" என்றார் அண்ணாச்சி. போய்விட்டார்கள்.

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணனும் தேருக்கு வாராக" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி வீட்டுப் பித்தளை அண்டாக்கள் வந்தன. அப்பா உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். ஈயம் பூசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறும். போன வருஷத்துப் பேதிக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. அண்டா வேண்டாம், மண்பானைதான் என்றார். புதுப்பானை ஆகாது, தண்ணீரைக் குடிக்கும், மண் வாடை அடிக்கும். பழகின பானை வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பழகின பானை நிறையக் கிடக்கும் இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். மேட்டு விளை.

அங்கே பனை ஏறுகிறவரின் மனைவி, விளைக்கார அக்கா, முந்தின நாள் வழியில் பார்த்தபோதே, "வேணுங்கதை எடுத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். நாங்கள் போன அன்று அவள் கருப்பட்டி விற்கத் தென்காசிச் சந்தைக்குப் போயிருந்தாள்.

அப்பா விளையின் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டார். விட்ட நாளிலிருந்து அந்த வேலிக்கு உள்ளே அவர் கால் வைத்ததில்லை. என்னை உள்ளே அனுப்பினார். வெளியில் நின்றபடியே சத்தம் போட்டுச் சொன்னார்.

"ஏட்டி, சுண்ணாம்பு பூசாத பானையாப் பாத்து எடு. சுண்ணாம்பு பட்டா எலுமிச்சம்பழத்துப் புளிப்பு செத்துரும்."

குடிசைக்குப் பின்னால் இரண்டு குவியல். ஒன்றில் பானைகள் உள்ளே வெள்ளையாக இருந்தன. மற்றதில் செம்மண் நிறம். அப்பா சொன்னபடி செம்மண் நிறத்தில் ஆறு பானை எடுத்தேன். தலையை உள்ளே விட்டு மோந்தும் பார்த்தேன். லேசாக என்னவோ இருந்தது. பானை என்றால் ஏதாவது வாடை இருக்கும்தானே. ஒவ்வொன்றாக வேலிக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தேன். கால்வாயில் கழுவி வெயிலில் காயவைத்தோம்.

தேருக்கு முந்தின நாள் காலையில் அடுப்பு பற்றியது. அண்ணாச்சி கொடுத்த கருப்பட்டி மொத்தத்தையும் அப்பா கரைத்தார். அம்மா சுக்கு இடித்தாள். அவள் இடிக்க இடிக்க எனக்குத் தும்மல் வந்தது. சீரகத்தைச் சட்டியில் போட்டுப் பொரிந்து வாசம் வந்ததும் இறக்கினார். எல்லாம் சேர்த்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறு பானையிலும் ஊற்றினார். எலுமிச்சையை மட்டும் மறுநாள் பிழிவதாக வைத்தார். சங்கில் எடுத்து எனக்குத் தந்தார்.

"நல்லாருக்கு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

பானைகளுக்குத் துணியால் வாய் கட்டினோம். சாயங்காலம் மாமா வண்டியில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பலாப்பழம். "என்ன மாப்ள, சுகமா?" ஆயிற்று. "சுகம் மச்சான்" ஆயிற்று. பலாப்பழத்தை அறுத்தார்கள். நாங்கள் தின்றது நாலு சுளை. மிச்சத்தை மாமாவே தின்றார்.

விடிந்ததும் நான் சங்கை எடுத்துக்கொண்டு பானைகளிடம் போனேன். கட்டியிருந்த துணி எல்லாம் கன்னம் உப்பியதுபோல உப்பியிருந்தது. காதை வைத்தேன். தூரத்தில் சோறு கொதிக்கிற சத்தம். துணியை அவிழ்த்தேன். நுரை. சங்கில் எடுத்து நாக்கில் விட்டேன்.

"அப்பா, இது கடிக்குது."

அப்பா வந்தார். குனிந்தார். உடனே நிமிர்ந்து பின்னால் போனார். கை பின்பக்கமாகத் தடவிச் சுவரைப் பிடித்தது. ஆறு பானை நிறைய, அவர் வீட்டுக்குள்ளேயே, அவரே காய்ச்சி வைத்தது. அவர் கண் பானையை விட்டு அசையவில்லை. அது பயம் என்று அன்று நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எவ்வளவோ பார்த்த பிறகுதான் புரிந்தது. அது தாகம்.

மாமாவுக்கு மூக்கு முதலில் எழுந்தது. பிறகுதான் ஆள் எழுந்து வந்தார்.

"என்னவே இது? வீட்டுக்குள்ளயே கடை போட்டுட்டீரா?"

"மச்சான், இது பானகம்."

"பானகமா! எனக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சீரா? ஊரெல்லாம் கதர்ச்சட்டைக்காரன் கள்ளுக்கடை முன்னால மறியல் பண்ணுதான். நீரு தேருக்குக் கள்ளு ஊத்தப் போறீரா?"

நான் முன்னால் போனேன். "மாமா, அப்பா இல்ல. பானைய நாந்தான் வெளையிலருந்து எடுத்தேன்."

"சின்னப் பிள்ளைய வெளைக்கு அனுப்பினீரா!" என்று மாமா இன்னும் கத்தினார். நான் சொன்னது அப்பாவுக்கு உதவுவதற்குப் பதில் கெடுத்தது. "ஏட்டி, எடு மூட்டைய" என்றார் அம்மாவிடம்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா அடுக்களை மூலைக்குப் போய் அந்த மூட்டையை எடுத்தாள். அழவில்லை. வாசலில் நின்ற வண்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

அப்பா அசைந்தார். முதல் பானையைத் தூக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைக்குக் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் கொட்டினார். திரும்பி வந்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஆறு நடை நடந்தார். வேட்டியில் ஒரு சொட்டுப் படவில்லை. மாமா கூடவே நடந்து, "சாட்சிய அழிக்கீரோ? அழியும், அழியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது தெருவில் ஒரு சத்தம். விளைக்கார அக்கா.

"எங் கள்ளுப் பானை ஆறையும் காணல! தவசியண்ணாச்சி வீட்டுக்கு வந்துட்டா?"

உள்ளே வந்தாள். கவிழ்ந்து கிடந்த பானைகளைப் பார்த்தாள். தென்னை மூட்டு நுரையைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, சுண்ணாம்புப் பானையல்லா எடுக்கணும்! சுண்ணாம்பு பூசி எறக்குனாத்தான் பதனி. பூசாட்டா கள்ளுல்லா! அந்தப் பானைல எத ஊத்துனாலும் விடியதுக்குள்ள புளிச்சுப் பொங்கிரும். இது ஊருக்கே தெரியுமே!"

"ஊருக்கே தெரியும்" என்றார் மாமா. "அத்தன நாள் குடிச்ச மனுசனுக்குத் தெரியாதாக்கும்?"

அவள் மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள்.

"இவுகளுக்கா? இவுக பானையத் திரும்பிப் பாத்திருக்காகளா? ஓலைப் பட்டையில ஊத்துனதக் கண்ண மூடிட்டுக் குடிச்சிட்டுப் போவாக. அந்த வெளைக்கு வந்த குடிகாரங்கள்லயே ஒண்ணுந் தெரியாத குடிகாரன் இவுகதான். இப்பம் அந்தத் தொயரமும் இல்ல. முந்தாநாள் பனை மேல இருந்து எம் புருசன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாராம். பிள்ளைய உள்ள விட்டுட்டு, இவுக வேலிக்கு வெளியவே நின்னாகளாம். ஒரு காலு உள்ள வைக்கலையாம்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மாமா வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரி. இது தப்பா நடந்ததுன்னே வச்சுக்கிடுவோம். பத்து மணிக்குத் தேரு நகரும். வெறும் பந்தல்ல நின்னா, குடிச்சுப்போட்டுக் கெடந்தான்னுதான் ஊரு சொல்லும். அந்தப் பேச்சுக்கு நடுவுல எந் தங்கச்சி இருக்காண்டாம். தேரு நிலைக்கு வரட்டும். பாக்கேன். மூட்டை வண்டியிலயே இருக்கட்டும்."

கருப்பட்டி ஒரு வில்லை இல்லை. எலுமிச்சம் பழம் ஒரு கூடை இருந்தது. அப்பா தென்னையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி விளைக்கார அக்காவைக் கேட்டார்.

"இன்னைக்குப் பதனி எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு. பத்துப் பானை. கருப்பட்டி காய்ச்ச அடுப்புப் பத்த வைக்கணும்."

"காய்ச்சாண்டாம். எனக்குக் குடு. தேருக்கு."

அவள் யோசிக்கவே இல்லை. "தேருக்குன்னா எடுத்துக்கிடுங்க" என்றாள்.

பதனீரில் சுண்ணாம்பு இருக்கும். எலுமிச்சை ஊற்றினால் செத்துப்போகும் என்று அப்பா சொன்னது பொய் இல்லை. அதனால் எலுமிச்சைக் கூடையை ஓரமாகத் தள்ளினார். பதனீரை அசையாமல் வைத்துச் சுண்ணாம்பைத் தெளியவிட்டார். மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு, ஈயம் பூசிய பெரிய உருளியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். சுக்கு, சீரகம், ஏலம். மிச்சச் சுண்ணாம்பைத் தாங்குகிற புளிப்பு வேண்டும் என்று, கொல்லையில் பறித்த மாங்காயைப் பக்கத்து அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டார். தோல் கறுத்து வெடித்ததும் சதையைப் பிசைந்து எடுத்தார். பதனீரில் மாங்காய் நறுக்கிப்போட்டு நாம் எல்லாம் குடித்திருக்கிறோம். சுட்டுப் பிசைந்து போட்டு, சுக்கோடு கொதிக்கவைத்து யாரும் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை.

பானை? அந்த ஆறும் ஆகாது. அம்மா இடுப்பில் சேலையைச் செருகினாள். தெருவில் இறங்கினாள். முதல் வீட்டு வாசலில் நின்று, "உங்க தண்ணிப் பானையத் தாங்க. தேருக்குப் பானகம் கொண்டுபோகணும்" என்றாள். தந்தார்கள். அடுத்த வீட்டிலும் தந்தார்கள். ஒரு வீட்டில் நிறைய இருந்த குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பானையைக் கையில் கொடுத்தார்கள். எட்டுப் பானை வந்தது. எட்டும் வருஷக்கணக்கில் பழகின பானை. குடிகாரனுக்கு யார் பானை தருவார்கள் என்று அப்பா நினைத்திருந்தார். கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பார்கள்.

உருளியில் இருந்து சங்கில் எடுத்து அப்பா என்னிடம் நீட்டினார்.

"சுண்ணாம்பு நிக்குது."

இன்னொரு தரம் தெளியவிட்டு வடித்தார்.

"திகட்டுது."

மாங்காய் சேர்த்தார்.

"தொண்டையில ஏறல."

சுக்கு போட்டார். மறுபடி நீட்டினார். முதலில் நாக்கில் பனை இனிப்பு. பிறகு சுட்ட மாங்காயின் புளிப்பு. விழுங்கிய பிறகு, எங்கேயோ கீழே, சுக்கு மெதுவாகக் கண் விழித்தது. நெஞ்சு விரிந்தது.

"போதும்" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மாமா திரும்பிப் பார்த்தார்.

எட்டுப் பானையில் ஊற்றிக் கால்வாய்த் தண்ணீரில் கழுத்தளவு இறக்கினோம். நான் உள்ளே இறங்கி நின்று, பானை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். மலைத் தண்ணீர். கால் மரத்துப்போயிற்று. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் பானை குளிர்ந்தது.

கொண்டுபோக வண்டி வேண்டும். இருந்தது மாமா வண்டி ஒன்றுதான்.

"எவ் வண்டியிலயா?" என்றார்.

"மூட்டை போற வண்டிதானே அண்ணே. பானையும் போகட்டும்" என்றாள் அம்மா.

மாமா மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்தார். அவர் நடை சரியில்லை. நேற்றைய பலாச்சுளை உள்ளே கல்லாகக் கிடந்தது. நாலு எட்டு வைப்பார், நின்று வயிற்றைத் தடவுவார்.

நாங்கள் போய்ச் சேரவும் தேர் ரத வீதி முக்கில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வடம் பிடித்தவர்கள் வியர்வையில் குளித்திருந்தார்கள். பந்தலுக்கு முன்னால் கூட்டம். அண்ணாச்சி முகம் வெளுத்து நின்றார். பானைகளை இறக்கி வைத்தோம். அப்பா அகப்பையை எடுத்தார்.

யாரும் கிட்ட வரவில்லை.

வெற்றிலை குதப்பின ஒல்லி ஆள் அங்கேயும் இருந்தார். "யாரும் அவசரப்பட்டுக் குடிச்சிராதிய. பொறவு வடத்த விட்டுட்டு ஒருத்தன ஒருத்தன் பிடிச்சு இழுப்பிய" என்றார். கூட்டம் சிரித்தது. நாக்கை நனைத்துக்கொண்டே சிரித்தார்கள். தாகம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வரவில்லை. அண்ணாச்சியே ஒரு குவளையைக் கையில் எடுத்து, மறுபடி வைத்துவிட்டார். அப்பா அகப்பையைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரையும் கூப்பிடவில்லை.

மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றி எல்லாம் வேர்வை. அம்மா ஒரு செம்பில் மொண்டுகொண்டு அவரிடம் போனாள்.

"குடிங்க அண்ணே."

"வேண்டாம்."

"வயித்துக்கு நல்லது."

மாமா செம்பை வாங்கினார். மூக்குக்குக் கொண்டுபோனார். மோந்தார். மறுபடியும் மோந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குடிகாரனின் மச்சினன் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் முகம் சுளித்தால் முடிந்தது. அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, ஒரே மூச்சில் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மாமா கண்ணை மூடினார். வயிற்றில் கை வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அது வந்தது. அடிவயிற்றில் புறப்பட்டு, நின்று, யோசித்து, ஒவ்வொரு விலா எலும்பாக ஏறி, கழுத்து புடைக்க வெளியே வந்தது. மாடு தலையை உதறிற்று. நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தித் திரும்பினார். பின்னால் எவரோ, "ஏலே, தேரு நகந்துட்டுலே!" என்று கத்தினார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். எனக்குத் தெரிந்து அப்பா முன்னால் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. செம்பை நீட்டினார்.

"மாப்ள, இன்னும் ஒரு செம்பு ஊத்தும்."

அவ்வளவுதான். வடம் பிடித்தவர்கள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். அண்ணாச்சி ஒரு குவளை குடித்துவிட்டு, தானே அகப்பையை எடுத்து ஊற்ற நின்றார். எட்டுப் பானையைச் சுற்றிக் கை, கை, கை. குடித்தவர்கள் ஏப்பம் விட்டுவிட்டு, "இது என்னது? இது என்னது?" என்று கேட்டார்கள். பெயர் இல்லையே. "தேர்ப் பானகம்" என்றார் மாமா. அவரே பெயர் வைத்தார். ஒல்லி ஆள் கடைசியாக வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்து குவளையை நீட்டினார். அப்பா மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றினார்.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலை மூன்று வீட்டார் கல்யாணச் சமையலுக்கு அப்பாவிடம் நாள் கேட்டார்கள். மறுநாள் கால்வாய் ஓரத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணாச்சி அதைப் பார்ப்பதற்கென்றே காலையில் நடந்து வந்தாராம்.

தேர் நிலைக்கு வந்த அன்றே, பந்தல் முன்னால் மாமா வண்டியைப் பூட்டினார். அம்மா போய் மூட்டையைத் தானே இறக்கினாள். மாமா பார்த்தார். அந்த இடத்தில் பாதிப் பானை பானகத்தை வைத்துக் கட்டிக்கொண்டார், வழிக்கு. போகும்போது அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். வாய் திறந்தார். அப்பாவும் பழக்கத்தில் வாயைத் திறந்தார். மாமா மோந்து பார்க்காமல், அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அம்மா பந்தல் மறைவிலேயே மூட்டையை அவிழ்த்தாள். என் பட்டுப் பாவாடை மடிப்பு விழுந்து, குட்டையாகிப் போயிருந்தது. அதையே கட்டிக்கொண்டேன்.

பானைகளைக் கழுவ உட்கார்ந்தோம். கடைசிப் பானையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அப்பா சங்கைக் கேட்டார். கொடுத்தேன். அதில் ஊற்றினார். வழக்கம்போல எனக்கு நீட்டப்போகிறார் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தானே குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். கொஞ்ச நேரம் எதிரே மலையைப் பார்த்தார்.

"சுக்கு ஒரு சிட்டிகை கூடிப்போச்சுட்டி" என்றார்.

கூடித்தான் இருந்தது. காலையில் அவசரத்தில் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.